இருபத்து மூன்றாம் வரி

லீலாவதி என்ற பெயரை நான் முதலில் கேட்டது தொண்ணூற்றாறாம் வருடம், பங்குனி உத்திரம் முடிந்த மறுநாள். செட்டிகுளத்துக்குத் தேர் பார்க்க வந்த கூட்டம் இன்னும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தது. அரியலூரிலிருந்து வந்த என் அக்கா பஞ்சவர்ணம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். பஞ்சவர்ணம் எனக்கு நேர் மூத்தவள். நடுவில் பிறந்த ஒன்று தங்கவில்லை. புறப்படும்போது, செருப்பை மாட்டிக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னாள்.

"எம்மவன் ராஜராஜனுக்கு ஒரு எடம் பாத்துட்டேன். செந்துறைப் பொண்ணு. பேரு லீலாவதி."

"வூட்ல என்னா செய்யிறாங்க?"

"அண்ணங்காரன் சுண்ணாம்புக்கல்லு வெட்டுறான். தங்கச்சி அதே கம்பெனி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டுறா."

"ஒம்மவன் லாரி ஓட்டுறான். அவ சரின்னுட்டாளா?"

"அவளை யாரு கேட்டா? அண்ணன் சொன்னா அவளுக்குச் சரி. அவன் தலைய ஆட்டிட்டான்."

கல்யாணம் அந்த ஆவணியில் நடந்தது. ராஜராஜனுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. என் மகள் புவனேஸ்வரிதான் நாத்தனார் முடிச்சு போட்டாள். பெண் பக்கம் ஆட்கள் குறைவு. லீலாவதியின் தாயார் அவளைப் பெற்ற மூன்றாம் வருடம் போய்விட்டார். தகப்பனார் அழகேசன் அவளுடைய எட்டாம் வயதில் போனார். அண்ணன் பாவாடைக்கு அப்போது இருபது வயது. அவன்தான் வளர்த்தான். தாய்மாமன் மகள் பச்சையம்மாளைக் கட்டிக்கொண்டான். அவளும் சேர்ந்து வளர்த்தாள்.

பாவாடை என்பது சாமி பெயர். பாவாடைராயனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற தலைப்பிள்ளைக்கு அதைத்தான் வைப்பார்கள். செந்துறைப் பக்கம் தெருவுக்கு இரண்டு பாவாடை இருப்பான். அமாவாசையன்று பிறந்தவன் அமாவாசை. அவனும் தெருவுக்கு ஒருவன் இருப்பான். இதைச் சொல்லக் காரணம் உண்டு.

கம்பெனியின் பெயர் வேண்டாம். அரியலூரைச் சுற்றி சிமெண்ட் கம்பெனிகள் பல இருக்கின்றன. பாவாடை அதன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். தங்கையைப் பத்தாவது முடித்ததும் அரியலூரில் டைப்ரைட்டிங் சேர்த்துவிட்டான். தொண்ணூற்றைந்தில் கம்பெனி டைம் ஆபீஸுக்கு, அதாவது ஆட்களின் வருகையைப் பதியும் ஆபீஸுக்கு, கம்ப்யூட்டர் வந்தது. அங்கே இருந்தவர்கள் இரண்டு விரலால் தட்டுகிறவர்கள். பாவாடை தலைத்துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு டைம் ஆபீஸர் பாலசுந்தரம் முன்னால் போய் நின்றான்.

"சார், எந் தங்கச்சி பத்து விரல்லயும் தட்டும்."

"பத்து வெரலும் இருக்கா உனக்கு?" என்று கேட்டாராம் அவர். பாவாடைக்கு இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும். அவன் கையைப் பின்னால் வைத்துக்கொண்டான். வேலை கிடைத்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி லீலாவதி சொன்னபடியே சொல்கிறேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. இருபத்து நாலு வரி, வரிக்கு எண்பது எழுத்து. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு திரை. மேலே டோக்கன் நம்பர், அடுத்து பெயர், காண்ட்ராக்டர் பெயர், சேர்ந்த தேதி, நின்ற தேதி, பிறகு வந்த நாட்கள். நிரந்தரத் தொழிலாளிக்குத் தகப்பன் பெயரும் ஊரும் கேட்கும். காண்ட்ராக்ட் ஆளுக்கு அது கேட்காது.

காண்ட்ராக்ட் ஆளுக்கு மூன்று மாதம் முடிந்தால் டோக்கனைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். ஐந்தாறு நாள் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். அப்புறம் வேறு நம்பர் போட்ட டோக்கன். ஆள் அதே ஆள், பாறை அதே பாறை. கம்ப்யூட்டரில் மட்டும் அவன் அன்றைக்குத்தான் புதிதாக வந்தவன். இரண்டு வருடத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். அவ்வளவு நாள் எவனுக்கும் சேர்ந்துவிடக் கூடாது. அதற்குத்தான் இந்த ஏற்பாடு. எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் டைம் ஆபீஸ் ஜன்னலில் இரண்டு பேர் சண்டைக்கு நின்றார்கள்.

"ஏம்மா, நான் எம் மச்சான் கருமாதிக்குப் போயிருந்தேன். எனக்கு ஆறு நாளு வேலை போட்டிருக்கு. இந்தாளு ஆறு நாளு கல்லு தூக்கியிருக்கான், அவனுக்கு ஆளு வரலன்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"ஒங்க பேரு?"

"அமாவாசை."

"அவரு?"

"அவனும் அமாவாசைதான். நான் குழுமூரு, அவன் பொன்பரப்பி. மூஞ்சியப் பாத்தா தெரியல?"

திரையில் ஏது முகம்? அன்றைக்குத்தான் லீலாவதி இருபத்து மூன்றாவது வரியைப் பார்த்தாள். அதற்குக் 'குறிப்பு' என்று பெயர். யாரும் எதுவும் எழுதாத வரி. பேப்பரில் அச்சடித்தால் வராது, திரையில் மட்டும் தெரியும். அதில் அவள் எழுத ஆரம்பித்தாள். குழுமூர், இன்னார் மகன், இன்னார் மச்சான், இதற்கு முந்தைய டோக்கன் நம்பர் இது. நம் பக்கத்தில் ஒரு ஆளை எப்படி விசாரிப்போமோ அதையே எண்பது எழுத்துக்குள் அடக்கினாள். முந்தைய நம்பரைத் தட்டினால் அதற்கு முந்தையது வரும். அதைத் தட்டினால் அதற்கும் முந்தையது. முதலில் இது ஆள் மாறாமல் இருப்பதற்குத்தான். ஒரு வருடம் போன பிறகுதான், அண்ணனின் இரண்டு வருடத்து டோக்கன்கள் எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பதைப் பார்த்தாளாம். நானூற்று எண்பது நாள் அதில் இருந்தது.

அவனிடம் மட்டும் சொன்னாள்.

"அண்ணே, ஒன் நம்பரையெல்லாம் கோத்து வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"என்னைக்காச்சும் கேட்டா காட்டலாம்."

"யாரு கேக்கப்போறா?" என்று சிரித்துவிட்டுப் போனான். ஆனால் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வைத்தான். எங்க லீலா எழுதி வச்சிருக்கா, பயப்படாதீங்கடா என்று சொல்வானாம். எட்டு வருடம் அப்படியே போனது. அதற்குள் லீலாவதிக்கு லாவண்யா பிறந்தாள். அதற்குப் பின் ஒன்று நிற்கவில்லை. என் அக்கா பஞ்சவர்ணம் இரண்டாயிரத்தில் காலமானாள்.

இரண்டாயிரத்து நாலாம் வருடம் சென்னையிலிருந்து அரவிந்தன் என்று ஒருவர் வந்தார். சாப்ட்வேர்காரர். சென்னை ஹெட் ஆபீஸில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் பார்க்க வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. அவர் லீலாவதி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு விளக்கினார்.

"மேடம், பழைய ப்ரோக்ராம்ல நாங்க கையே வைக்க மாட்டோம். அத எழுதின ஆளு எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியல. தொட்டா என்ன ஆகும்னும் தெரியல. அது உள்ள அப்படியே ஓடட்டும். அது திரையில எழுதுறத நாங்க வரி வரியா படிச்சு ஒரு வெப் பக்கத்துல பெட்டி பெட்டியா காட்டுவோம். அந்த வெப் பக்கத்துல நீங்க தட்டுறத பழைய திரையில தட்டுற மாதிரியே உள்ள அனுப்பிடுவோம். அதுக்கு ஒன்னும் தெரியாது. இன்னும் நீங்கதான் எதிர்ல ஒக்காந்திருக்கீங்கன்னு நெனச்சுக்கும்."

"அது பாவம் சார்," என்றாள் லீலாவதி.

அவர் சிரித்தார். எந்த வரியில் எந்தக் கட்டத்திலிருந்து என்ன வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அது லீலாவதிக்குத்தான் தெரியும். ஒன்பது நாள் சொன்னாள். திரையைப் பார்க்காமலே சொன்னாளாம். மூணாவது வரி பதினெட்டாவது கட்டம் பெயர், முப்பது எழுத்து. அஞ்சாவது வரி பத்தாவது கட்டம் தேதி. அவர் ஒவ்வொன்றாய்த் தாளில் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு தாளிலும் கீழே அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

ஒன்பதாம் நாள் பாலசுந்தரமும் வந்து உட்கார்ந்திருந்தார். டீ வந்தது.

"இருபத்திரண்டு முடிஞ்சுது. இருபத்து மூணு, குறிப்பு. இதுல எதாவது வருதா மேடம்?"

அரவிந்தன் திறந்து வைத்திருந்தது ஒரு நிரந்தரத் தொழிலாளியின் திரை. அதில் அந்த வரி காலியாகத்தான் இருந்தது.

பாலசுந்தரம் டம்ளரைக் கீழே வைத்தார். "அதுல யாரு எழுதுறா? லீலா, எதாச்சும் இருக்கா என்ன?"

லீலாவதி பிறகு என்னிடம் சொன்னாள்: "சின்னத்தே, இருக்குன்னு சொன்னா அவரு தெறந்து பாப்பாரு. பாத்தா அன்னைக்கு சாயங்காலமே அத்தனையும் அழிச்சிருவாங்க. எங்கையாலயே அழிக்கச் சொல்லுவாங்க. பழசு உள்ள அப்படியே ஓடும்னு அவரு சொல்லிட்டாரு. எம் மேசையில அந்தப் பச்சைத் திரையும் இருக்கும்னு நெனச்சேன். யாரும் பாக்காம இருந்தா பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

"இல்ல சார். காலி," என்றாள்.

அரவிந்தன் எழுதினார்: வரி இருபத்து மூன்று, காலி, வெப் பக்கத்தில் தேவையில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

பொங்கல் கழித்து வெப் பக்கம் வந்தது. வெள்ளைப் பின்னணியில் நீலத் தலைப்பு. பார்க்க நன்றாக இருந்தது என்றாள். நாலு நாள் பழைய திரையும் மேசையிலேயே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அவள் போகும்போது மேசையில் அது இருந்த இடத்தில் சதுரமாய்த் தூசி இல்லாமல் இருந்தது. மொத்தம் ஏழு திரை. வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். வெப் பக்கத்தில் அண்ணனின் டோக்கன் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். பெயர் வந்தது, காண்ட்ராக்டர் வந்தது, தேதி வந்தது. அதற்குக் கீழே கம்பெனி முகவரி.

அவள் அரவிந்தனுக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த இருபத்து மூணாவது வரிய பக்கத்துல சேக்க முடியுங்களா?"

"ஏன் மேடம்? காலின்னீங்களே."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சேக்கலாம். அரை நாள் வேலைதான். பாலசுந்தரம் சாரை ஒரு லெட்டர் குடுக்கச் சொல்லுங்க."

சரிங்க சார் என்று வைத்துவிட்டாள். லெட்டர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் தினமும் அந்தப் பக்கத்தில்தான் வேலை. அவள் தட்டுவது உள்ளே போய்ப் பழைய திரையில் விழும். திரையில் இருபத்து மூன்றாம் வரியும் இருக்கும். எங்கேயோ ஒரு பெட்டிக்குள் அது எழுதிக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. பார்க்க ஆள் இல்லை.

அந்த ஆடியில் சுரங்கத்துக்குப் பெரிய பொக்லைன் மூன்று வந்தது. நாற்பது வயது தாண்டியவர்களுக்குக் காண்ட்ராக்டர் அடுத்த டோக்கன் கொடுக்கவில்லை. பாவாடைக்கு நாற்பத்திரண்டு. அவனையும் சேர்த்துப் பதினோரு பேர். பத்து வருடம், பதினைந்து வருடம் கல் வெட்டியவர்கள். எங்களை நிரந்தரமாக்கி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று திருச்சியில் லேபர் ஆபீஸருக்கு மனு எழுதினார்கள். பாவாடைதான் முன்னால் நின்றான். எழுத்து இருக்கிறது என்ற தைரியம்.

லீலாவதி அவனிடம் உண்மையைச் சொன்னது மனு போட்ட பிறகு. செந்துறைக்கு பஸ் ஏறிப் போய்ச் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அழிஞ்சிருச்சா?"

"அழியல. தெரியல."

"அழியலன்னா இருக்குல்ல. வந்து சொல்லு. நீதான எழுதுன."

பச்சையம்மாள் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒம்பது நாளு அந்தாளுகிட்ட வரி வரியா ஒப்பிச்சியாமே. ஒரு வரிக்கு மட்டும் வாயி அடைச்சுக்கிச்சா?"

"அண்ணி, சொன்னா அழிச்சிருப்பாங்க."

"இப்ப மட்டும் என்னாத்தக் கண்டோம்?"

"சும்மா இருடி," என்றான் பாவாடை.

விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போய், இரண்டாயிரத்து ஆறு புரட்டாசியில் நடந்தது. லீலாவதி ஒரு நாள் லீவு கேட்டாள். வேலையைப் பணயம் வைத்துத்தான் கேட்டாள்.

"எங்கம்மா?" என்றார் பாலசுந்தரம்.

"திருச்சிக்கு சார். எங்கண்ணன் கேஸு."

அவர் லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். "போயிட்டு வா," என்றார். "ஒன்ன யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க." ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

விசாரணையில் நடந்ததை லீலாவதியும் பாவாடையும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கம்பெனி வக்கீல் வெப் பக்கத்திலிருந்து எடுத்த அச்சுத் தாள்களைக் கட்டாக வைத்தார். "ஐயா, இதுல பாவாடைங்கற பேரு தொண்ணூத்தாறு எடத்துல வருது. ஒவ்வொன்னும் மூணு மாசம். யாருக்கும் நானூத்து எம்பது நாள் இல்ல. இதுல எது இவரு?"

லேபர் ஆபீஸர் லீலாவதியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். தொண்ணூற்றைந்திலிருந்து அண்ணனுக்குப் போட்ட நம்பர்களை வரிசையாகச் சொன்னாள். முப்பத்தொன்பது நம்பர். பேப்பர் எதையும் பார்க்கவில்லை. ஆபீஸர் தாளில் ஒவ்வொன்றாய்ப் பேனாவால் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு நம்பரும் தவறவில்லை. எல்லாவற்றிலும் பாவாடை என்றே இருந்தது. ஆபீஸர் பேனாவை மூடினார்.

"மனப்பாடமா வச்சிருக்கீங்க," என்றார்.

"எங்கண்ணன் நம்பருங்க. மனப்பாடம் மட்டும் இல்லீங்க, எழுதியும் இருக்குதுங்க. இருபத்து மூணாவது வரியில. ஊரு, இன்னாரு மவன், பழைய நம்பரு, எல்லாம் இருக்கு. வெப் பக்கத்துல வராது. உள்ள இருக்கு."

வக்கீல் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதாங்க."

"இருபத்து மூணாவது வரின்னு போட்டு என்ன எழுதியிருக்கு? படிங்க."

"காலி."

"நீங்க சொன்னதுதான?"

"ஆமாங்க."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

அவள் தாளை மேசையில் வைத்தாள். ஆபீஸர் இரண்டு தடவை கேட்டார். பழைய திரையைத் திறந்து காட்ட முடியுமா என்று கம்பெனியையும் கேட்டார். அந்தத் திரைகள் இப்போது இல்லை, இருந்தாலும் அதில் ஒன்றும் இல்லை என்று மனுக்காரர்களின் சாட்சியே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார் வக்கீல். ஆபீஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எம் முன்னால இருக்கிற பேப்பரத்தாம்மா நான் பாக்க முடியும்," என்றார். கோபமாய்ச் சொல்லவில்லை.

மனு தள்ளுபடி ஆனது. மற்றப் பத்துப் பேருக்கும் அதே கதி. அவர்களுடைய நம்பர்கள் அவளுக்கு மனப்பாடமாகவும் இல்லை.

வெளியே வந்தார்கள். பதினோரு பேரும் கொஞ்ச நேரம் மரத்தடியில் நின்றார்கள். குழுமூர் அமாவாசையும் அதில் இருந்தான். "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று அவன்தான் முதலில் நகர்ந்தான்.

"டீ குடிக்கிறியா?" என்று பாவாடை கேட்டான்.

"வேணாண்ணே."

"காலையில சாப்ட்டியா?"

"ம்."

அரியலூர் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினார்கள். இறங்கும்போது அவன், "லாவண்யாவுக்கு லீவு விட்டா கூட்டிட்டு வா," என்றான். அவள் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டிலிருந்து சீர் வந்தது. பச்சையம்மாள் கொண்டுவரவில்லை, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். லீலாவதி பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள்.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. ஒரு தடவை செட்டிகுளம் வந்தபோது நான் கேட்டேன், வேலையை விட்டுவிடலாமே என்று. "விட்டா மட்டும் என்ன சின்னத்தே?" என்றாள். கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பருப்பும் தோலும் ஒரே முறத்தில் கிடந்தன. நான்தான் பிரித்து எடுத்தேன்.

கம்பெனிக்கு அவள்மேல் கோபம் எதுவும் இல்லை. அவள் கையெழுத்துதான் அவர்களுக்குப் பயன்பட்டது. தண்டனையும் இல்லை, மாற்றலும் இல்லை.

பாவாடை இப்போது பெரம்பலூரில் ஒரு கல் குவாரியில் காவலுக்கு இருக்கிறான். மாதம் ஒரு தடவை செந்துறை வந்து போகிறான்.

லீலாவதி அரியலூரில் அதே டைம் ஆபீஸில்தான் இருக்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போய் ஆறு மணிக்கு வருகிறாள். மூன்று மாதம் முடிந்த காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் புது நம்பர் போடுகிறாள்.